வளவன் காலில் நின்ற செருப்பு

அன்பு மகள் இனியாவுக்கு அம்மா எழுதுவது. அடி அண்ணாமலையில் நான், உன் அப்பா, உன் தம்பி வளவன் மூன்று பேரும் சுகமாக இருக்கிறோம். மூன்று பேரும் என்று எழுத முடிகிறதே, அதற்காகவே கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு வந்துதான் உட்கார்ந்தேன். ஜெர்மனிக் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இதையெல்லாம் போனில் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும், நீயும் அழுவாய், அதனால்தான் வேர்க்கடலைப் பொடிப் பார்சலோடு இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன்.

அன்றைக்கு நீ வீடியோவில் பார்த்தது பாதிதான். வளவனுக்குக் காய்ச்சல் விட்டு இரண்டு வாரம்கூட ஆகவில்லை, சொன்ன பேச்சைக் கேட்காமல் பௌர்ணமிக்கு மலை சுற்றப் போனான். மறுநாள் காலில் செருப்பு கழன்று கழன்று விழுந்தது, விழுந்ததே அவனுக்குத் தெரியவில்லை. இந்த ஊரில் பௌர்ணமிக்கு மறுநாள் கால் அசந்து போகாதவர் யார்? பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை, கிரிவலம் போனா இப்படித்தான் இருக்கும், நல்லா தேய்ச்சா சரியாப் போயிடும் என்று தைலத்தோடு வந்தாள், நானும் தேய்த்துக்கொண்டே இருந்தேன். நல்ல வேளை, நீ கூப்பிட்டாய். அம்மா, அவனுக்கு வலி ஜாஸ்தியா, இல்ல காலைத் தூக்கவே வரலையா, கையை ஊணாம எழுந்து நிக்கச் சொல்லு என்றாய். அவனால் முடியவில்லை. இது நடந்த அசதி இல்லம்மா, மூச்சு வரைக்கும் ஏறிடும், இப்பவே வண்டி வைங்க என்று நீ போட்ட சத்தத்தில் உன் அப்பா சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கிளம்பினார், வேலூர் போய்த்தான் அதைக் கவனித்தேன்.

நரம்பின் மேலுறையை அவன் உடம்பே தாக்குகிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது எனக்குத் தலை சுற்றியது. பிறகு நீ விளக்கியதும்தான் பிடிபட்டது. தீபத்துக் கூட்டத்தில் நீலச் சட்டைத் திருடனைத் தேடிய போலீஸ், நீலச் சட்டை போட்டிருந்த நம் வேணு மாமாவையும் பிடித்துப் போனார்களே, அது மாதிரி, காய்ச்சல் கிருமியை அடிக்கப் புறப்பட்ட உடம்பின் காவல், கிருமியின் சாயலில் இருந்த நரம்பையும் சேர்த்து அடித்துவிட்டது. காய்ச்சல் வந்த எல்லாருக்கும் இப்படி ஆகாது, அபூர்வம்தான் என்றும் நீ சொன்னாய். ஐ.சி.யூ.வில் வைத்து மருந்து ஏற்றினார்கள், மூச்சுக்கு மிஷின் வைக்காமலே தப்பித்தான். இன்னும் தள்ளிப் போட்டிருந்தா கஷ்டம்மா, இவ்ளோ சீக்கிரம் கூட்டிட்டு வரச் சொன்னது யாரு என்று டாக்டரம்மா கேட்டார்கள். எம் பொண்ணுங்க, இதைத்தான் ஆராய்ச்சி பண்றா என்றேன். வெளியே காத்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கட்டும் என்றுதான் உரக்கச் சொன்னேன். உன் அப்பாவுக்கு வெட்கமாகிவிட்டது, எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. உன்னைப் பெற்றதற்கு நான் அவ்வளவு பெருமைப்படுகிறேன் இனியா.

பாஞ்சாலை இப்போது தெருவில் யாருக்குக் காய்ச்சல் விட்டாலும் கையை ஊணாம எழுந்துரு பாப்போம் என்று போய் நிற்கிறாள், இனியா சொன்னது என்று உன் பெயரையும் சேர்த்துக்கொள்கிறாள். வளவன் தினமும் பயிற்சி செய்கிறான். நேற்று சுவரைப் பிடிக்காமல் வாசலிலிருந்து நம் இளநீர்க் கடை வரை நடந்து வந்தான். எல்லாரும் அவன் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள், நான் காலைத்தான் பார்த்தேன். செருப்பு காலிலேயே நின்றது.

நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், அண்ணாமலையார் உன் கூடவே இருக்கட்டும். ஒன்று மறந்துவிட்டேன், போன வாரம் உனக்கும் காய்ச்சல் என்றாயே. இந்தக் கடிதம் கிடைத்ததும் வீடியோவில் வா, கையை ஊன்றாமல் எழுந்து நில், நான் பார்க்க வேண்டும்.

உன் அம்மா,
கஸ்தூரி