இடது காது

பொன்செல்விக்கு,

உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனையோ வருசம் ஆச்சு. மகன் பேரைச் சொல்லி, அவன் அம்மைன்னே கூப்பிட்டுப் பழகிட்டேன். இப்போ அது வாயில வரமாட்டேங்கு.

அவனுக்குப் பதினாறாம் நாள் அடியந்திரம், காரியம் எல்லாம் கழிஞ்சு நீ நாகர்கோவிலுக்கு உங்க அம்மை வீட்டுக்குப் போன பிறகும், நாம ரெண்டுபேரும் தினமும் படம் வரையற வழக்கத்தை நான் விடல்லை. வேலை விட்டதும் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில நம்ம பெஞ்சிலதான் போய் இருக்கேன். பக்கத்துல உனக்கு இடம் விட்டிருக்கேன். கண்டக்டரை வரைஞ்சேன், பழவங்காடி பிள்ளையார் கோயில்ல தேங்காய் உடைக்கிறவரை வரைஞ்சேன். எல்லாரும் கட்டை மாதிரி நிக்காங்க. என் கோடு கோணினா உனக்குப் பொறுக்காது, ரப்பரைப் பிடுங்கி நீயே திருத்துவே. அதை நினைச்சுத்தான் எல்லாத்தையும் போன்ல அனுப்பினேன். ஒண்ணையும் நீ திறந்து பார்க்கல்லை.

நீ சரியா சாப்பிடுகதும் இல்லைன்னு உங்க அம்மை சொன்னா.

இன்னைக்கு வேற எதுவும் வரைய வரல்லை. கை தானா அவனை வரைஞ்சுட்டு. ஸ்கூல் பேக்கோட, பஸ் வருதான்னு எட்டிப் பார்த்துட்டு நிக்கான். இடது காது மட்டும் அமையல்லை. அழிச்சு அழிச்சு பேப்பர் கிழியப் போகு. போன்ல அவன் போட்டோ உண்டு, திறக்கத் தைரியம் இல்லை. அதுக்குள்ள மறந்துட்டேனோன்னு பயமா இருக்கு.

படத்தை இதோட வச்சிருக்கேன். நீ என்கிட்ட ஒண்ணும் பேச வேண்டாம். அந்தக் காதை மட்டும் திருத்தித் தா.

அவன் அப்பா