கடைப் பிளாஸ்திரி

என் சிட்டுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கும் சின்னதும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். நாங்களும் அப்படியே இருக்கிறோம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். ஃப்ளூ காய்ச்சல் நெஞ்சில் இறங்கிவிட்டது, முகமூடி வைத்து ஆக்சிஜன் கொடுக்கிறார்கள். பதறாதே என்று சொல்ல எனக்கு வாயில்லை, நானே பதறிப்போய்த்தான் இந்த வராந்தா பெஞ்சில் கிடக்கிறேன். போனில் சொல்லலாம் என்றால் உன் குரலைக் கேட்டதும் நான் அழுதுவிடுவேன், நீயும் எதைச் சொன்னாலும் சரிம்மா சரிம்மா என்று பேச்சை மாற்றிவிடுவாய். அதனால் எழுதுகிறேன், உன் அண்ணன் இதைப் படம் பிடித்து அனுப்புவான், கடைசி வரி வரைக்கும் படி.

நம் சலூனுக்கு இப்போது வருகிறவர்களில் பாதிப் பேர் தும்மிக்கொண்டேதான் வருகிறார்கள். தும்முகிற முகத்துக்கு நேரே குனிந்து நின்று சவரம் செய்கிற தொழில், முதலில் நீங்கள் போய் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள் என்று தினமும் அவர் உயிரை வாங்கினேன். ஊரார் கழுத்திலெல்லாம் கத்தியை வைக்கிற மனுஷன், ஊசியைக் கண்டால் மட்டும் அரண்டுவிடுவார், உனக்குத் தெரியாததா, நீயும் அதே ரத்தம்தானே. ஒருநாள் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்து நின்றார், மேல்கையில் ஒரு பிளாஸ்திரி. "போட்டாச்சு, இனி என்னை விடு" என்றார். என் வயிற்றில் பாலை வார்த்தது போல இருந்தது. அன்றைக்கு அவரை ஒரு வாளி தூக்க விடவில்லை, வெந்நீர் ஒத்தடம் வேறு கொடுத்தேன், என் கை பட்டதும் ஆ ஊ என்று முகத்தைச் சுளித்தார். இங்கே டாக்டரம்மா, இந்த வருஷம் ஃப்ளூ ஊசி போட்டாரா என்று கேட்டார்கள். போட்டாரே, நான்தான் ஒத்தடம் கொடுத்தேன் என்று பெருமையாகச் சொன்னேன். அப்பா முகமூடியைக் கொஞ்சம் நகர்த்தி, "இல்லடி, அது கடைப் பிளாஸ்திரி" என்றார். சவரத்தில் கீறல் பட்டவர்களுக்கு ஒட்ட மேசை டிராயரில் வைத்திருப்பாரே, அதுதான். கிளினிக் வாசல் வரைக்கும் போயிருக்கிறார், உள்ளே ஒரு குழந்தை வீறிட்டதும் திரும்பி வந்துவிட்டாராம். சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை சிட்டு. ஊசி போட்டிருந்தாலும் காய்ச்சல் வந்திருக்கலாம், ஆனால் இவ்வளவு முற்றியிருக்க வாய்ப்புக் குறைவு என்றார்கள் டாக்டரம்மா. அதைக் கேட்டதிலிருந்து என் நெஞ்சு ஆறவில்லை. பக்கத்துக் கட்டில்காரரை நேற்று தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள், அவர் மனைவி என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க எங்களுக்குத் தைரியம் இல்லை.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் கையில் பிளாஸ்திரியோடு ஒரு போட்டோ அனுப்பினாயே, அம்மா, ஊசி போட்டாச்சு என்று. இன்று காலையில் அப்பா உன்னைத்தான் கேட்டார், சிட்டு போட்டுக்கிட்டாளா என்று. போனைத் திறந்து அதைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "மேல ஒட்டுறது நானும்தான் ஒட்டினேன். உள்ள மருந்து போச்சான்னு அவகிட்ட கேளு" என்றார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு மூச்சு இரைத்துவிட்டது.

உன் காலில் விழுந்து கேட்கிறேன், பெற்றவள் அப்படிச் சொல்லக் கூடாதுதான், இருந்தாலும் சொல்கிறேன். உண்மையிலேயே போட்டிருந்தால் என்னைத் திட்டு, சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன். போடவில்லை என்றால் நான் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டேன், இன்றைக்கே போ. வயிற்றுப்பிள்ளைக்காரிகள் பயப்படாமல் போடலாம், பிறக்கிற குழந்தைக்கும் அது காவல் என்று டாக்டரம்மா சொன்னார்கள். போட்டு இரண்டு வாரம் ஆனால்தான் உடம்பில் பிடிக்குமாம், தள்ளிப்போடாதே. மாப்பிள்ளையையும் கூட்டிப் போய் இரண்டு பேருமாகப் போட்டுக்கொள்ளுங்கள், ஊசி ஏறும்போது அவர் கையைப் பிடித்துக்கொள், கடித்தாலும் பரவாயில்லை. அப்பாவைப் பார்க்க இப்போது கிளம்பி வராதே, இந்த வார்டு முழுக்க இருமல். அவருக்கு நானும் அண்ணனும் இருக்கிறோம்.

நீ நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து நூறு வருஷம் வாழ வேண்டும். மறக்காதே, இனி போட்டோ வேண்டாம், போன் பண்ணி உன் வாயால் சொல். போனை அப்பா காதில் வைக்கிறேன், அவரிடம் உனக்குப் பொய் வராது. நீ கூப்பிடுவாய் என்று கண்ணை மூடாமல் கிடக்கிறார்.

உன் அம்மா