கை போயிடும்

பிப்ரவரி 3, 2025 – திங்கள்

கம்பெனி பஸ் பரனூர் டோல்கேட்டில் அரை மணி நேரம் நின்றது. அது போதாதென்று பத்து மணிக்கு எச்.ஆர். ஹரிகிருஷ்ணன் கூப்பிட்டனுப்பினார். நான் சூப்பர்வைசராக இருக்கும் லைனில், இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் ஓட்டும் சங்கவி என் மேல் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறாள். தமிழ்க் கடிதம்தான். நடுவில் ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை – செக்சிசம். அவர் வாசித்தபோது எனக்குக் காது சுட்டது. நாற்பத்திரண்டு வயதில், இரண்டு பிள்ளை பெற்ற பிறகு, மேரி என்ற என் பெயருக்குப் பக்கத்தில் இப்படி ஒரு வார்த்தையா?

விஷயம் இவ்வளவுதான். டை செட்டர் பயிற்சிக்கு நான்கு பேரைக் கேட்டார்கள். பிரஸ்ஸில் அச்சைக் கழற்றி மாட்டுகிற வேலை. எங்கள் கம்பெனியில் ஆண்கள்தான் செய்கிறார்கள். நான்கு பையன்கள் பெயரை எழுதினேன். சங்கவியும் கேட்டாள். "உனக்கெதுக்கும்மா இதெல்லாம், கை போயிடும்" என்றேன். அன்பாகத்தான் சொன்னேன். வெள்ளிக்கிழமைக்குள் பட்டியலை முடிவு செய்ய வேண்டுமாம்.

பிப்ரவரி 4

சாப்பாட்டு நேரத்தில் அவளையே கேட்டுவிட்டேன். ஒரு பொம்பளையைப் பார்த்து எழுதுகிற வார்த்தையாடி இது என்று. அவள் பயப்படவில்லை. திருவிடந்தையில் மீன்பிடிக்கிற குடும்பம். இங்கே விடுதியில் தங்கியிருக்கிறாள். மார்ச்சோடு காண்ட்ராக்ட் முடிகிறது. செட்டர் ஆனால்தான் நிரந்தரம். இல்லாவிட்டால் ஊருக்குப் போய் அத்தை மகனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும்.

"எங்கூர்ல போட்ல கால் வெக்க வுட மாட்டாங்க, கடலம்மாக்கு ஆவாதும்பாங்க. இங்க நீங்க மெஷின்ல கை வெக்க வுட மாட்டீங்க, எனக்கு நல்லதும்பீங்க. ரெண்டுத்துக்கும் இன்னாக்கா வித்தியாசம்?"

டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு லைனுக்குத் திரும்பினேன்.

பிப்ரவரி 5

தம்பி ஜெபக்குமாருக்குப் போன் போட்டேன். செங்கல்பட்டு கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தா, இதெல்லாம் தெரிந்திருக்கும். முதலில் சிரித்தான், எரிச்சலாக வந்தது. அது ஆபாச வார்த்தையே இல்லையாம். பொம்பளை என்ற ஒரே காரணத்துக்காக ஒன்றை மறுப்பது, ஆம்பளை என்ற ஒரே காரணத்துக்காகக் கொடுப்பது – அதற்குத்தான் அந்தப் பெயராம். அறுபதுகளில் அமெரிக்காவில் பெண்கள் உண்டாக்கியது. நிறத்தைப் பார்த்து ஆளை ஒதுக்குவதற்கு ரேசிசம் என்று ஏற்கெனவே பெயர் இருந்தது; அதே மாதிரியில் இதையும் செய்துகொண்டார்களாம்.

நானே பொம்பளை, நான் எப்படி அதைச் செய்ய முடியும் என்று கேட்டேன்.

"ஏன், செய்யக் கூடாதா? நம்ம நைனா ரைஸ் மில்லுல கேட்டது ஞாபகம் இருக்குதாக்கா?"

ஞாபகம் இல்லாமல் என்ன? மதுராந்தகத்தில் அப்பா, எங்கள் நைனா, பதினெட்டு வருஷம் மூட்டை தூக்கினார். ஒருநாள் மெஷின் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்று கேட்டிருக்கிறார். முதலாளி தள்ளி நின்றபடி, அன்பாகவே சொன்னாராம்: "உனக்கெதுக்குடா சாலமோனு இதெல்லாம், கை போயிடும்." காலனி ஆள் என்பதுதான் காரணம் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சாகும்வரை நைனாவுக்கு அது ஆறவில்லை.

அதே வார்த்தை. அப்படியே. நான் ஏன் அதைச் சொன்னேன்?

பிப்ரவரி 6

ஆனால் நிஜமாகவே அவளுக்குக் கை போனால்? என் லைன், நான்தானே பதில் சொல்லணும். – பையன்களுக்கு மட்டும் போகாதா? அதை ஏன் ஒரு தடவைகூட நினைக்கவில்லை? ஒன்றும் புரியவில்லை.

பிப்ரவரி 7

நான்கு பையன்களில் பாலா பெயரை அடித்துவிட்டு சங்கவி பெயரை எழுதினேன். பாலா முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறான். ஆம்பளை என்பதற்காக அவன் பெயரை அடித்தேனா? இல்லை. அவன் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது. அவள் மூன்று வருஷமாக ஓட்டுகிறாள். இதை முதலிலேயே பார்த்திருக்கலாம். சங்கவி ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. எனக்குக் கஷ்டமாக இருந்தது. எதற்கு நன்றி என்றும் தோன்றுகிறது.

மார்ச் 28

சங்கவி தேறிவிட்டாள். நிரந்தரம்.

ஜூன் 12

நான்காம் பிரஸ்ஸில் அச்சு மாற்ற சங்கவி வந்தாள். வழக்கம்போல் நான் இரண்டடி தள்ளி நின்றேன். பதினாறு வருஷமாக அங்கேதான் நிற்கிறேன். மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டிவிட்டு, சாவியை என்னிடம் கொடுத்தாள். பிறகு ஸ்பேனரையும் நீட்டினாள்.

"நீங்க முடுக்குங்கக்கா."

இதுவரை யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. நானும் கேட்டதில்லை. ஏன் கேட்கவில்லை என்று இப்போதும் தெரியவில்லை. நான்கு போல்ட். முதல் இரண்டு கோணலாகப் போனது, கழற்றி மறுபடி போடச் சொன்னாள். போட்டேன். அவள் சரிபார்த்து ஓட்டினாள். முதல் பீஸ் அளவு சரியாக வந்தது.

பஸ்ஸில் வரும்போது கையை விரித்துப் பார்த்தேன். நகத்தில் கிரீஸ். பத்து விரலும் இருந்தது. நைனா இருந்திருந்தால் காட்டியிருப்பேன்.