முதல் வலைப்பாடு

14.02.1999, ஞாயிறு

பூசைக்கு மகள் நிதர்சனாவுக்கு நீலச் சட்டை போட்டுக் கூட்டிப்போனேன். கோயில் சபையார் சேர்த்துத் தந்த உடுப்பு மூட்டையில் வந்த சட்டை அது. சுவாமியிடம் நன்மை அப்பம் வாங்க வரிசையில் நிற்கும்போது ஒரு பெட்டைப்பிள்ளை, “அம்மா, அங்க பாரணை, என்ர சட்டை!” என்று கத்தினாள். முழுக் கோயிலும் திரும்பிப் பார்த்தது. என் பிள்ளை கும்பிட்ட கையை எடுக்காமல் நடந்து போனாள். அந்தப் பெட்டையின் காதைப் பிடித்துத் திருக வேண்டும் போலிருந்தது. அவள் என்ன செய்வாள், அவளின் சட்டைதானே.

குறை சொல்லக்கூடாது. போன மாதம் எங்கள் வீடு எரிந்ததற்குப் பிறகு பாய், அரிசி, உடுப்பு எல்லாம் இந்தச் சனம் தந்ததுதான். பங்குச் சுவாமி மறைக்கல்விக் கொட்டிலை இருக்கத் தந்தார். ஆனால் ஒவ்வொன்றையும் வாங்கும்போது சிரிக்க வேண்டியிருக்கிறது. சிரித்துச் சிரித்து எனக்குத் தாடை நோகிறது.

கருவாடு வாங்க வரும் கமலாட்சி மட்டும் என்னைச் சிரிக்க வைக்கவில்லை. மலைநாட்டிலிருந்து வந்து முத்தையன்கட்டுப் பக்கம் குடியிருப்பவள், சைவ சமயத்துக்காரி. தன் வீட்டிலிருந்த இரண்டு பானையில் ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து இறக்கினாள். “எனக்கு ஒன்னு போதுங்கக்கா” என்றுவிட்டு, வந்த வழியே போய்விட்டாள்.

17.02.1999, புதன்

இன்று விபூதிப் புதன். சுவாமி நெற்றியில் சாம்பல் பூசினார். “எங்களிட்டக் கேட்டிருந்தால் ஊருக்கே குடுத்திருப்பம்” என்று பக்கத்தில் நின்ற என் மனிசனின் காதுக்குள் சொன்னேன். முந்தி என்றால் சிரித்திருப்பார். இன்று இவரின் கண் முன்வரிசை வாங்கிலேயே நின்றது. அங்கே இவரின் அண்ணன் மடுத்தீன் இருந்தார்.

மடுத்தீன் அத்தான்தான் இந்தக் கரையில் கரைவலைச் சம்மாட்டி, வலைக்கும் தோணிக்கும் சொந்தக்காரர். இவர்களின் தகப்பன், மாமா, செத்த முப்பத்தோராம் நாள், சனத்துக்கு முன்னால், “கூலிக்கு இழுக்கிறவன் எல்லாம் வலையில பங்கு கேக்கிறான்” என்று இவரைப் பார்த்துச் சொன்னார். அன்றோடு இரண்டு பேருக்கும் கதை நின்றது. ஆறு வருசம். இவர் சொந்தமாகச் சிறுவலை வாங்கிச் சீவித்தார். அந்த வலையும்தான் வீட்டோடு எரிந்தது.

வரும் வழியில் சொல்கிறார்: “நெருப்புத் தானா வராது, யூலிற்றா.”

“ஜாம் போத்தல் விளக்கு. பூனை தட்டி விழுத்தினது. என்ர கண்ணால கண்டனான்.”

“நீ கண்டது உள்ளுக்க. வெளியில ஆர் நிண்டதெண்டு கண்டனியே?”

இந்த மனிசனுக்கு நான் என்னத்தைச் சொல்ல? பூனையில் கோபிக்க முடியாது. அண்ணனில் கோபிக்கலாம். வலை எரிந்த துக்கத்தை எல்லாம் கொண்டுபோய் அங்கே கொட்டுகிறார்.

21.02.1999

இவருக்கு நித்திரை இல்லை. எனக்கும்தான்.

26.02.1999, வெள்ளி

 இதை எழுதி வைத்தால்தான் நித்திரை வரும்.

பின்னேரம் கோயிலில் சிலுவைப்பாதைச் செபம். “தலை இடிக்குது, நீங்கள் போங்கோ” என்று இவர் கொட்டிலில் நின்றுவிட்டார். பாதிச் செபத்தில், இவரைத் தனியே விட்டது சரியில்லை என்று பட்டது. நிதர்சனாவைக் கோயிலில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். இவர் இல்லை. மூலையில் வைத்திருந்த மண்ணெண்ணெய்ப் போத்தலும் இல்லை.

பிள்ளை படிக்க என்று சபையார் தந்த அரைப் போத்தல். இந்த வன்னியில் மண்ணெண்ணெய்க்கு இருக்கிற விலைக்கு ஒருவரும் அதைச் சும்மா எடுத்துக்கொண்டு திரியமாட்டார்கள். ஊரே கோயிலில். கரையில் சம்மாட்டியின் வாடி, வலை வைக்கிற கொட்டில். முழுக்கத் தென்னோலைக் கிடுகு. உள்ளே மாரி முடியட்டும் என்று குவித்து வைத்திருக்கும் கரைவலை. முப்பது குடும்பம் அதை நம்பி இருக்கிறது. ஐயோ மாதாவே, என்று ஓடினேன். செருப்பு எங்கே கழன்றது என்று தெரியாது.

தாழம் பற்றையடியில் எதிரே வந்தார். கையில் போத்தல். மூடி திறக்கவில்லை.

“எங்க போனனீங்கள்?”

மண்ணைப் பார்த்துக்கொண்டு, “வலை ஈரமாக் கிடக்கு. நெருப்புப் பத்தாது” என்றார்.

கார்த்திகைக்குப் பிறகு அந்த வலை கடலைக் காணவில்லை. எலும்பு மாதிரிக் காய்ந்து கிடக்கும். எனக்குத் தெரியாதா? இவருக்குத்தான் தெரியாதா? போத்தலைப் பறித்தேன். அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. இருந்து அழுதேன். அவரும் பக்கத்தில் இருந்தார்.

28.02.1999

போத்தலைச் சுவாமியின் அறைவீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். “பெடிச்சி தட்டி ஊத்திப்போடும் சுவாமி, இஞ்ச இருக்கட்டும்.” சுவாமி என் முகத்தைப் பார்த்தார். வாங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். இனி நிதர்சனா பொழுதுபட முதல் படித்து முடிக்கவேணும்.

07.03.1999, ஞாயிறு

பூசை முடிய ஒருவரும் எழும்ப முதல் சுவாமி சொன்னார்: பருவத்தின் முதல் வலைப்பாடு, முதல் இழுப்பில் ஏறும் மீன் முழுக்க, எப்போதும் கோயிலுக்கு. சூசையப்பர் திருநாளன்று கடலில் விடும் அந்தப் பாடு இந்த முறை எரிந்த வீட்டுக்கு. சம்மாட்டிக்கும் சம்மதம்.

இருந்த இடத்திலேயே கணக்குப் போட்டேன். ஒரு பாடு நன்றாக ஏறினால் சிறுவலை வாங்கலாம்.

அப்போது மடுத்தீன் அத்தான் எழும்பினார். “வழமை வழமைதான், சுவாமி. கயித்தில கை வைக்காத வீட்டுக்கு மீன் இல்லை. அந்த வீட்டு ஆள் வந்து பிடிக்கவேணும்.”

கூப்பிட்டாரா, குத்தினாரா? முகத்தைப் பார்த்தும் எனக்கு விளங்கவில்லை. இவர் எழும்பி வெளியே போய்விட்டார்.

கொட்டிலில் ஒரே சத்தம். “திரும்பவும் என்னைக் கூலியா நிப்பாட்டப் பாக்கிறான். அவன்ர ஒரு சூடை மீன் இந்த வாசலுக்கு வரக்கூடாது. வவுனியாவுக்கு, நெளுக்குளம் போவம். அகதி முகாமில பதிவம்.”

“கடல் இல்லாத இடத்தில போய் என்னத்தைப் பிடிக்கப்போறியள்? கோழியோ?”



18.03.1999, வியாழன்

நாளைக்குச் சூசையப்பர் திருநாள், முதல் பாடு. நான் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். “அந்த வீட்டு ஆள்” என்றுதானே சொன்னார், ஆம்பிளை என்று சொல்லவில்லையே.

“பொம்பிளை கயித்தைத் தொட்டால் சனம் சிரிக்கும்.”

“சிரிக்கட்டும். நான் இவ்வளவு நாளும் சனத்துக்குச் சிரிச்சுக் காட்டினனான்தானே.”

“நீ போனால் நான் இஞ்ச இருக்கமாட்டன்.”

சாரத்தையும் சேட்டையும் பையில் வைத்துக் கட்டிவிட்டார். பையைப் பார்த்துக்கொண்டு எழுதுகிறேன். பயமாக இருக்கிறது. போகத்தான் போகிறேன்.

19.03.1999, வெள்ளி

உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். பேனை பிடிக்க முடியவில்லை, என்றாலும் எழுதவேணும்.

விடிய நான் வெளிக்கிடும்போது இவரும் இல்லை, பையும் இல்லை. பிள்ளைக்கு ஒன்றும் சொல்லாமல் கரைக்குப் போனேன். சுவாமி வலைக்குத் தீர்த்தம் தெளித்தார். தோணி வலையை வளைத்து விட்டுக்கொண்டு போய், மற்றக் கயிற்றை வடக்கே, வெகுதூரத்தில், கரை சேர்த்தது. சம்மாட்டி தெற்குக் கயிற்றில் நின்றார். நான் அதன் கடைசியில் போய்ப் பிடித்தேன். இழுக்கிறவர்களின் பாட்டு நின்றது. “அக்கா, தள்ளி நில்லுங்கோ, வலை கரையேறுமட்டும் பொம்பிளையள்...” என்று ஒருவன் தொடங்கினான்.

“விடு. அவா பிடிக்கட்டும்” என்றார் மடுத்தீன் அத்தான். என்னைப் பார்க்கவில்லை.

கயிறு என்ன பாரம்! கொஞ்ச நேரத்தில் கை உரிந்தது. வியர்வையைத் துடைக்க நிமிர்ந்தபோதுதான் கண்டேன். வடக்குக் கயிற்றின் வாலில் இவர். மணலில் அந்தப் பை. வவுனியா போற ஆளுக்கு இந்தக் கரையில் என்ன வேலை என்று கத்த வாய் வந்தது. அடக்கினேன்.

அண்ணனிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கலாமோ அவ்வளவு தள்ளி நின்று பிடித்தார். ஆனால் கரைவலையில் அப்படி நிற்க முடியாது. வலை கிட்ட வரவர இரண்டு பக்கத்து ஆட்களும் ஒருவரை ஒருவர் நோக்கி நடந்துதான் ஆகவேணும். இழுக்க இழுக்க நடந்தார்கள். நான் கயிற்றைப் பார்க்கவில்லை, அந்த இரண்டு பேரையும்தான் பார்த்துக்கொண்டு இழுத்தேன்.  மீன் சேரும் வலைமடி அலைக்குள் தெரிந்தபோது அவர்களுக்கு நடுவே ஒரு ஆள் நிற்கத்தான் இடம் இருந்தது.

அப்போது வலையின் அடிக்கயிறு எதிலோ மாட்டி மேலே கிளம்பியது. மீன் கீழால் பாயத் தொடங்கியது.

“அண்ணை! அடி கிளம்புது! அமத்து, அமத்து!”

இவரின் குரல். மடுத்தீன் அத்தான் அப்படியே தண்ணீருக்குள் முழங்காலில் விழுந்து கயிற்றை அமத்தினார். இவர் மேலே விழுந்து பிடித்தார். ஒரு அலை இரண்டு பேரையும் மூடிப் போனது. கரை முழுக்கக் கத்தியது. நானும் கத்தினேன், என்னத்தைக் கத்தினேன் என்று தெரியாது.

எழும்பி, மணலைத் தட்டிக்கொண்டு, ஒருவர் தெற்கே பார்த்தார், மற்றவர் வடக்கே பார்த்தார். மீன் பரவாயில்லை. வலை பக்கவாட்டில் ஒரு ஆள் நுழையக்கூடியதாய்க் கிழிந்திருந்தது.

பையை நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன்.

20.03.1999, சனி

விடியவே இவர் வாடிக்குப் போய்விட்டார், கிழிந்த வலையைப் பொத்த. ஒருவரும் கூப்பிடவில்லை. மத்தியானம் நிதர்சனாவிடம் சோறு கட்டிக் கொடுத்துவிட்டேன்.

“ரெண்டு பேரும் கதைச்சவையோ?”

“இல்லை அம்மா. பெரியப்பாவும் பக்கத்தில இருந்து பொத்துறார். அப்பா சோத்துப் பாசலை நடுவில வைச்சவர். ரெண்டு பேரும் அதிலதான் சாப்பிட்டவை.”

ஒரு ஆளுக்கு அளவாய்த்தான் போட்டிருந்தேன். இனிக் கூடப் போடவேணும்.