லிஃப்ட் நின்ற பன்னிரண்டு நாள்

மதுக்கரை,
ஞாயிறு மதியம்.

அன்புக் கண்ணு கிருபாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். கர்த்தர் தயவில் நானும் உங்கம்மாவும் இங்கே நல்லபடியாக இருக்கிறோம், அங்கே டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளை சசிதரும் பாப்பாவும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டுமென்று தினமும் ஜெபத்தில் மூன்று பேர் பெயரையும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். முகம் பார்த்துப் பேசுகிற காலத்தில் இந்த அப்பாவுக்கு எதற்குக் கடிதம் என்று நீ சிரிப்பாய். மாப்பிள்ளையின் நண்பர் யஷ்வந்த் புதன்கிழமை அங்கே கிளம்புகிறார், அவரிடம் பருப்புப் பொடியும் கொள்ளுப் பொடியும் கொடுத்தனுப்புகிறோம், அதோடு ஒரு காகிதமும் வரட்டுமே என்றுதான். இன்னொன்றும் இருக்கிறது. போனில் பேசினால் உங்கம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள், நான் சொல்ல வேண்டியதோ அவளைப் பற்றியது. இப்போது அவள் சர்ச்சில் பெண்கள் கூட்டத்துக்குப் போயிருக்கிறாள், வருவதற்குள் எழுதி முடிக்க வேண்டும். கண் ஆபரேஷன் நன்றாக ஆறிவிட்டது, இந்த எழுத்தெல்லாம் கண்ணாடி இல்லாமல் எழுதுகிறேன் என்றால் பார்த்துக்கொள்.

போன மாதம் நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை மூன்று முறை போட்டுக் கேட்டேன். வேலை முடிந்து பாப்பாவைக் காப்பகத்திலிருந்து கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து அடுப்பைப் பார்த்தாலே அழுகை வருகிறது, வாரத்தில் ஐந்து நாள் கடைச் சாப்பாடுதான் என்றாய். கடைசியில், “அம்மா மாதிரி என்னால முடியலீங்கப்பா, நானெல்லாம் ஒரு அம்மாவா” என்று சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாய். சரி கண்ணு, உடம்பைப் பார்த்துக்கொள் என்று ஒரு வரி அனுப்பினேன். அது பதிலே இல்லை என்று அப்போதே தெரியும். உண்மையான பதில் பிறகுதான் வந்தது, அதுவும் உன் அண்ணன் வீட்டு லிஃப்ட் பழுதான புண்ணியத்தில். அந்தக் கதையைக் கேள்.

ஆபரேஷனுக்காக ஒரு மாதம் ரூபன் வீட்டில்தான் இருந்தேன் அல்லவா, சரவணம்பட்டியில் ஒன்பதாவது மாடி. அவனும் உன் அண்ணி இனியாவும் காலை ஏழரைக்கு லேப்டாப் பையோடு போனால் சாயங்காலம் ஏழுக்குத்தான் வருகிறார்கள், பவன் பள்ளி விட்டு, டியூஷன் முடித்து அவர்களோடு வருகிறான். குறை சொல்லவில்லை கண்ணு, அந்தச் சமையலறையைப் பார்த்தால் பாத்திரக் கடை போல மின்னும், காரணம் அங்கே யாரும் சமைப்பதில்லை. ஒரு நாள் கேஸ் ஏஜென்சியிலிருந்தே போன் வந்தது, “மேடம், ஒரு சிலிண்டர் பதினோரு மாசமா ஓடுதுங்களே, ஊட்டுல ஆள் இருக்கறீங்களா?” என்று கேட்டார்களாம். இனியா சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னாள், சொல்லி முடித்ததும் அந்த முகம் விழுந்துவிட்டது. சாயங்காலம் ஆனால் அவர்கள் வீட்டில் ஒரே கேள்வி, இன்னைக்கு என்ன? நீ சொல்லு என்பான் இவன், நீங்க சொல்லுங்க என்பாள் அவள், கால் மணி நேரத்தில் இரண்டு முகமும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிவிடும், அப்புறம் யாராவது ஒருவர் போனை எடுத்து ஆர்டர் போடுவார்கள். வந்த பொட்டலத்தை மூன்று பேரும் மூன்று மூலையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பையின் நிறத்தைப் பார்த்தே எந்தக் கடை என்று பவன் சொல்லிவிடுவான், இரண்டாம் வகுப்புப் பிள்ளை. நானும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு புரோட்டாவை ஒரு கை பார்த்தேன், அதையும் மறைக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை லிஃப்ட் நின்றுபோனது. இருந்ததே இரண்டு, ஒன்று தீபாவளியிலிருந்தே படுத்துக் கிடந்தது, அன்றைக்கு மற்றதும் படுத்துவிட்டது. வாட்ச்மேன் அழகிரிசாமி எல்லார் வீட்டுக்கும் இன்டர்காமில் சொன்னார், “ஸ்பேர் மெட்ராஸ்ல இருந்து வரணுமாமுங்க, ஒரு வாரம் பத்து நாள் ஆகுமுங்க, கோவிச்சுக்காதீங்க.” சாயங்காலம் ரூபன் இரண்டு பையையும் தூக்கிக்கொண்டு ஏறி வந்து கதவுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான், சட்டை பிழிந்தால் ஒரு சொம்பு தண்ணீர் வரும். பின்னாலேயே இனியா, அவள் தோளில் தூங்கி வழிகிற பவன். வழக்கம்போல ஆர்டர் போட்டார்கள். அரை மணி நேரத்தில் கீழேயிருந்து போன், கொண்டுவந்தவர் வயசானவர் போலிருக்கிறது, “சார், நமக்கு முழங்கால் வலிங்க, நீங்க சித்த எறங்கி வந்தீங்கன்னா நல்லாருக்கும்” என்றார். நியாயம்தானே. ரூபன் இனியாவைப் பார்த்தான், இனியா ரூபனைப் பார்த்தாள், இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள், நான் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டேன். ஒன்பது மாடி இறங்கி ஒன்பது மாடி ஏற ஒருவருக்கும் கால் வரவில்லை. கடைசியில் ரூபன், “நீங்களே எடுத்துட்டுப் போய் ஊட்டுல சாப்பிடுங்கண்ணா” என்று சொல்லி வைத்துவிட்டான். சமைக்கிற சோம்பலைவிடப் படியிறங்குகிற சோம்பல் பெரிதாக இருந்தது கண்ணு, வேறொன்றுமில்லை.

இனியா எழுந்து போய் அலமாரியைத் துழாவினாள். பொங்கலுக்கு நாங்கள் கொடுத்தனுப்பிய அரிசியும் துவரம்பருப்பும் கட்டுப் பிரிக்காமல் இருந்தன. குக்கரை எடுத்து வைத்துவிட்டு, அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். அப்போதுதான் உன் அண்ணன் களைப்பில் அந்தச் சொல்லைச் சொன்னான், “எங்கம்மா டூட்டி முடிச்சு வந்து சமைக்கலையா? ஒரு நாளாச்சும் கடையில வாங்கிப் போட்டாங்களா?” அவள் சண்டைக்கு வரவில்லை. குக்கரைப் பார்த்துக்கொண்டே, “ஆமாங்க, நான் அத்தை மாதிரி இல்லீங்க, எனக்கே தெரியும்” என்றாள். நீ டப்ளினில் இருந்து அழுத அதே சொல். இரண்டு தேசத்தில் இரண்டு பெண்பிள்ளைகள் ஒரே சொல்லைச் சொல்லி அழுகிறார்கள் என்றால், அந்தச் சொல்லுக்குப் பின்னால் நான் மூடி வைத்ததுதான் காரணம் என்று தோன்றியது. அங்கேயே அதைச் சொல்லிவிட்டேன், உனக்கும் சொல்கிறேன்.

உங்கம்மாவின் வலது முன்கையில் நீளமாக ஒரு தழும்பு இருக்கிறதே, அயர்ன் பாக்ஸ் சுட்டது என்று உங்கள் இரண்டு பேருக்கும் சொல்லி வைத்திருந்தோம். அது பொய். அப்போது உனக்கு நாலு வயசு, ரூபனுக்கு ஏழு. சொட்டு மருந்து முகாம் நடந்த வாரம், அவள் காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், ஊர் ஊராக அலைந்து மருந்து கொடுத்து, இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வந்தாள். நான் பஸ் டிப்போவிலிருந்து அஞ்சரைக்கே வந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவள் முகம் கழுவிக்கொண்டு நேரே அடுப்புக்குப் போனாள். தோசை ஊற்றிக்கொண்டே நின்றவள், நின்றபடியே தூங்கிவிட்டாள் கண்ணு. கை கல்லின் மேல் விழுந்தது. எனக்கு முதலில் கருகல் வாசம்தான் வந்தது, பேப்பரைக் கீழே இறக்காமலே, “தோசை தீயுது பாரு” என்று குரல் கொடுத்தேன். அதற்கப்புறம்தான் அவள் அலறினாள். மறுநாள் கட்டுப் போட்ட கையோடு இடது கையால் சமைத்தாள், நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன். கேட்டவர்களுக்கெல்லாம் அயர்ன் பாக்ஸ் என்றேன், என் மானம் போகக்கூடாதென்று அவளும் அதையே சொன்னாள். அம்மா மாதிரி என்று நீங்கள் சொல்கிறீர்களே, அது இதுதான். அவளால் முடிந்ததால் அவள் செய்யவில்லை. கூட ஒரு கை வராததால் செய்தாள்.

ரூபன் என் பக்கம் திரும்பினான். “ஏனுங்கப்பா இத்தனை நாளா சொல்லல?” என்றான். “வெட்கமா இருந்துச்சு சாமி” என்றேன். அவன் எழுந்து போய் இனியா கையிலிருந்து குக்கரை வாங்கினான், அரிசியையும் பருப்பையும் சேர்த்துக் களைந்தான். வெங்காயம் இல்லை, எதிர்வீட்டு மெஹராஜ் அம்மாவிடம் இனியா ஒரு கை சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் வாங்கி வந்தாள். சீரகம், பூண்டு, வரமிளகாய், தக்காளி, மஞ்சள், நம் அரிசிம்பருப்புச் சோறுதான், வேறென்ன. குக்கரில் மட்டும் விசில் வரவில்லை, சும்மா கிடந்து கிடந்து மூடியின் ரப்பர் கேஸ்கட் தளர்ந்துபோய் ஆவியெல்லாம் ஓரத்தில் போனது. முப்பது வருஷம் பஸ் இன்ஜின் பார்த்தவனுக்கு அன்றைக்குத்தான் அந்த வீட்டில் வேலை கிடைத்தது, கேஸ்கட்டைக் கழற்றி ஃப்ரீஸரில் பத்து நிமிஷம் போட்டு மாட்டிக் கொடுத்தேன், விசில் வந்ததும் பவன் கைதட்டினான். சோறு கொஞ்சம் குழைந்துவிட்டது. நெய்யை ஊற்றி நாலு பேரும் குக்கரைச் சுற்றித் தரையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். பவன் மூன்றாவது தடவை தட்டை நீட்டிக்கொண்டே, “இது எந்தக் கடைங்க தாத்தா?” என்றான்.

அப்படியே மொத்தம் பன்னிரண்டு நாள் இந்தக் கூத்துதான். பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. நாளைக்கு என்ன என்பதைக் காலையில் காபி குடிக்கும்போதே பேசி வைத்துக்கொண்டார்கள், சாயங்காலத்துச் சண்டைக்குப் பாதி மருந்து அதுவே. யார் முதலில் வீட்டுக்கு வருகிறார்களோ அவர்கள் குக்கரை வைத்துவிடுவது என்று ஆனது. விசில் எண்ணுகிற வேலை பவனுக்கு, அவன் கார்ட்டூன் பார்த்துக்கொண்டே எண்ணியதில் பச்சப்பயறு கரைந்து கூழாகிவிட்டது, கடையல் என்று பேர் வைத்துச் சாப்பிட்டோம். ரூபன் யூடியூப் பார்த்து ராகிக் களி கிண்டினான், அந்த ஞாயிறு உங்கம்மா படியேறி மூச்சு வாங்கி வந்தவள் அதைக் கரண்டியால் தட்டிப் பார்த்துவிட்டு, “இது நம்மூரு சிமெண்ட் ஃபேக்டரிக்குத்தான் ஆகும்” என்றாள். இனியாவுக்கு மீட்டிங் நீள்கிற அன்றைக்குத் தயிர்ச்சோறும் ஊறுகாயும்தான், அதைச் சமையல் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. எனக்குக் குனியக்கூடாது, புகை ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அவரைக்காய்க்கு நார் உரித்தேன். அறுபத்திரண்டு வயசில் முதல் தடவை, அவரைக்காய்க்கு நார் இரண்டு பக்கமும் இருக்கும் என்றே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பதின்மூன்றாம் நாள் லிஃப்ட் ஓடியது. அன்றைக்குச் சாயங்காலமே பிரியாணி வந்து இறங்கிவிட்டது. மறுநாளும் கடைதான், அதற்கு மறுநாளும் கடைதான். சரி, வெள்ளம் வடிந்தால் வாய்க்கால் பழைய வாய்க்கால்தானே என்று நினைத்துக்கொண்டேன், அவர்களைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை. நாலாம் நாள் ரூபன் கொஞ்சம் சீக்கிரம் வந்தான், ஒருவரும் கேட்காமல் தட்டைப்பயறு வேக வைத்துக் குழம்பு வைத்தான். இனியா கதவைத் திறந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே நின்றாள். “ஏனுங்க, கதவத் தொறந்ததும் சமைக்கிற வாசம் வந்துச்சுங்க. கல்யாணத்துக்கு அப்புறம் நமக்குன்னு ஒருத்தர் சமைச்சு வெச்சிருக்கற ஊட்டுக்கு நான் இன்னைக்குத்தானுங்க வாரேன்” என்றாள். கண் கலங்கியது, அது வெங்காயம் இல்லை என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். இப்போது வாரத்தில் நாலு நாள் வீட்டுச் சாப்பாடு, மூன்று நாள் கடை, அந்த மூன்று நாளையும் சந்தோஷமாகச் சாப்பிடுகிறார்கள். சிலிண்டர் தீர்ந்துபோய் புதுசுக்குப் பதிந்திருக்கிறார்கள்.

நான் ஊருக்குத் திரும்பி வந்த அன்றைக்கே பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று உங்கம்மாவிடமும் சொன்னேன். “அதெல்லாம் இப்ப எதுக்குங்க” என்று சேலைத் தலைப்பால் கையை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ரொம்ப நேரம் கழித்து வந்து, “உங்களுக்கு அது ஞாபகம் இருக்குதாங்க?” என்று கேட்டாள். அந்தக் கேள்வி எனக்குச் சுட்டது கண்ணு. அவளுக்கு ஓய்வு பெற இன்னும் எட்டு மாசம் இருக்கிறது. ஆறரைக்கு அவள் பஸ் இறங்கி வருவதற்குள் சோறும் ஒரு குழம்பும் நான் செய்து வைத்துவிடுகிறேன். முதல் வாரம் அவளுக்கு உட்கார்ந்து சாப்பிடவே தெரியவில்லை, தண்ணீர் எடுக்க, அப்பளம் எடுக்க என்று மூன்று தடவை எழுந்தாள், மூன்று தடவையும் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். போன வியாழக்கிழமை பாதி சாப்பாட்டில் தலையைத் தூக்கி, “ஏனுங்க, உப்பு கம்மிங்க” என்றாள். இத்தனை வருஷத்தில் நம் வீட்டில் ஒரு சாப்பாட்டை அவள் குறை சொல்லி நான் கேட்டதே இல்லை. ஓடிப்போய் உப்பு எடுத்துக் கொடுத்தேன்.

ஆகையால் அம்மணி, அம்மா மாதிரி முடியவில்லை என்று இனிமேல் அழாதே, அவள் மாதிரி நீ ஆகவும் வேண்டாம். முடிந்த அன்றைக்கு ஒரு குக்கர் வை, முடியாத அன்றைக்குக் கடையில் வாங்கிச் சிரித்துக்கொண்டு சாப்பிடு. பாப்பாவுக்கு மூணு வயசாகிறது, பூண்டு உரிக்கக் கொடு, பாதியைச் சிந்தினாலும் பரவாயில்லை. இந்தக் கடிதத்தை மாப்பிள்ளைக்கு நீயே படித்துக் காட்டு, மாமனார் புத்தி சொல்கிறார் என்று அவர் வருத்தப்பட வேண்டாம், மாமனார் தன் தப்பைத்தான் எழுதியிருக்கிறார். பொடி டப்பாவில் ஈரக் கரண்டி போடாதே, கொள்ளுப் பொடியில் மூடி சரியாக இல்லை, வந்ததும் பாட்டிலுக்கு மாற்றிவிடு. உங்கள் மூன்று பேர் கைவேலையையும் வீட்டையும் கர்த்தர் ஆசீர்வதிக்கட்டும், பாப்பாவுக்குத் தாத்தாவின் முத்தம்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. உன் மதிய இடைவேளையில் நீ கூப்பிடும்போது இங்கே ஏழு மணி, உன் குரல் கேட்டால் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்துவிடுகிறாள். இனி ஒரு அரை மணி நேரம் கழித்துக் கூப்பிடு. அம்மா சாப்பிட்டுக்கொண்டிருப்பாள்.

என்றும் உன் அன்பு அப்பா,
சாமுவேல்