ஊருக்கே தெரிந்தது, உனக்கு மட்டும் தெரியாதது

இன்று காலை கடைக்குத் தவிடு வாங்க வந்த பெண்ணின் போனில் அந்தச் சத்தம் கேட்டது. பளாரென்று ஓர் அறை, உடனே அழுகிற வயலின், அப்புறம் நடிப்பவர்களின் வாய்க்குப் பொருந்தாத தமிழ். மூட்டை தைத்துக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. உன் கட்டில் பக்கம் நான்கு மாதம் ஓயாமல் கேட்ட சத்தம் அது.

அந்தப் பழக்கத்தை உனக்கு ஏற்படுத்தியவனே நான்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், உன் யோசனை வேறு பக்கம் போகட்டும் என்று என் போனைக் கொடுத்தேன். இரண்டிரண்டு நிமிடக் காதல் நாடகங்கள். ஏழை வேஷம் போட்டு ஒருத்தியை ஏமாற்றும் பணக்காரன், அக்காள் புருஷனை மடக்கும் தங்கை. எல்லாம் ஒரே சரக்கு, கோணிதான் வேறு என்பேன். நீ சிரிப்பாய். ஏமாற்றுகிறவனை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து, "மூஞ்ச பாருங்க, வேலைய காட்டப் போறான்" என்பாய்.

ஒன்றை மட்டும் விடாமல் பார்த்தாய். அதில் கணவனுக்கு இன்னொரு குடும்பம். மாமியாருக்குத் தெரியும், டிரைவருக்குத் தெரியும், சமையல்காரிக்கும் தெரியும். மனைவிக்கு மட்டும் தெரியாது. ஒரு மத்தியானம் நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். நீ போனைக் கவிழ்த்து வைத்தாய்.

"அவன் கெட்டவன், அத்த வுடுங்க. மொத்த வூடும் சேந்துக்கினு அவள நடுவுல உக்கார வெச்சி நடிக்குது பாருங்க. அதான் தாங்க முடியல."

நான் கஞ்சியை ஆற்றிக்கொண்டே இருந்தேன். பையனுக்குத் தெரியும், மருமகளுக்குத் தெரியும், ஊசி போட வரும் நர்ஸுக்கும் தெரியும். உனக்கு மட்டும் வயிற்றில் புண், மாத்திரையில் ஆறிவிடும் என்று சொல்லி வைத்திருந்தோம். பொங்கலைத் தாண்டாது என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். உனக்குத் தெரிய வேண்டாம் என்று முடிவெடுத்தவன் நான். வியாபாரத்தில் பொய்யே சொன்னதில்லை என்று பேச மாட்டேன். ஆனால் கடையில் எதிரே நிற்பவன் சந்தேகப்பட்டுக்கொண்டேதான் நிற்பான். நீ நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டாய்.

இதில் உன் தம்பியும் மாட்டிக்கொண்டான். அவன் மகளின் மஞ்சள் நீராட்டுக்கு, வீட்டுக்கு வந்து வெற்றிலைத் தட்டில் பத்திரிகை வைக்காமல், கடையிலேயே என் கையில் கொடுத்துவிட்டுப் போனான். அத்தைக்காரிக்குக் கடையிலா பத்திரிகை என்று நீ போகவில்லை. நான்கு வருடம் பேச்சு இல்லை. கார்த்திகையில் ஒருநாள் நீயாகவே சொன்னாய்:

"அவன் வந்தா இன்னா, நான் போனா இன்னா. கூடப் பொறந்தவன் தானே. சாலவாக்கம் போயிட்டு வரலாங்க. ஆனா இந்தக் கோலத்துல வேணாம், கொஞ்சம் தேறிக்கிறேன்."

சரி, தேறியதும் போகலாம் என்றேன். அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் சண்டை போட்ட தம்பி, அழைக்காமல் பழப் பையோடு வாசலில் வந்து நின்றால் நம் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான், கடைசியாக முகம் பார்க்க வந்திருக்கிறான். அவன் முகத்தைப் பார்த்ததுமே உனக்கு எல்லாம் விளங்கியிருக்கும். பொய்யைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அவன் வரக் கூடாது. கணக்குப் பார்த்துத்தான் சொல்லாமல் விட்டேன்.

மார்கழியில் நீ போய்விட்டாய். பிறந்த வீட்டுக் கோடியோடு அவன் வந்தான். அரக்குப் புடவை. உன்மேல் போர்த்திவிட்டு, "ஒரு போன் போட்டிருக்கலாமே மாமா" என்றான். சட்டையைப் பிடித்து நாலு கேட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும்.

இப்போது வாரா வாரம் மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்க வருகிறான். அவன் ஊர் சாலவாக்கத்திலேயே கிடைக்கும், இருந்தும் இவ்வளவு தூரம் வருகிறான். போன புதன்கிழமை மூட்டையை வண்டியில் கட்டிக்கொண்டே கேட்டான்.

"அக்கா என்ன பத்தி ஒரு தபாவாவது கேட்டுதா மாமா?"

கேட்டாள் என்றால், வரவிடாமல் வைத்தவன் நான் என்று தெரிந்துவிடும். அது போகட்டும், நான் வாங்கிக்கொள்வேன். அவன் எப்படி வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைப்பான்? கேட்கவில்லை என்றால், உனக்குச் செய்தது போதாதென்று மறுபடியும் ஒரு பொய். நீ மனம் இறங்கி வந்ததே இல்லை என்றாகிவிடும்.

குனிந்து கயிற்றை இறுக்கினேன். ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது. அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான்.

அவனிடம் போய்ச் சேர வேண்டிய உன் பேச்சு என்னிடமே கிடக்கிறது. நாளை புதன்கிழமை.