கன்னத்தில் ஒளித்த பொம்மை

ஜனவரி 4

மோந்தெவிதேயோ நகரம் கோடையில் கொதிக்கிறது. இந்த வெயிலிலும் எனக்குக் கறுப்பு பீன்ஸ் இல்லாமல் ஒரு வாரம் ஓடாது. தபாரே பிளாஸ்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மாத்தே டீயை உறிஞ்சியபடியே அடுக்களைக்குள் எட்டிப் பார்த்தார்.

"காரம் போட்டியா எல்வீரா?"

"சுத்தமா இல்ல."

இரண்டே இரண்டு மிளகாய். அதற்குப் பெயர் காரமா? ஒரு வாய் வைத்துவிட்டு நேரே குழாயடிக்கு ஓடினார். கல்யாணமாகி ஏழு வருடம், இந்த உருகுவேக்காரருடைய நாக்கு இன்னும் தொட்டிலில்தான் கிடக்கிறது.

ஜனவரி 6

செய்யக் கூடாததைச் செய்துவிட்டேன்.

குழந்தை இயேசுவைப் பார்க்க மூன்று ராஜாக்கள் வந்த திருநாள். வழக்கம்போல அம்பாரோ வீட்டில் கூடினோம். இந்த ஊரில் மெக்சிகோக்காரர்கள் என்று நாங்கள் பதினொரு பேர்தான். அம்பாரோ எங்களில் மூத்தவள், ஐம்பத்தேழு வயது, கணக்கு டீச்சர். எல்லோருடைய பிறந்தநாளும் போன் நம்பரும் அவளுக்கு மனப்பாடம். வளைய ரொட்டியை அவளே சுடுவாள், உள்ளே அரை விரல் நீளத்தில் ஒரு குழந்தைப் பொம்மையை ஒளித்துவைப்பாள். யார் துண்டில் பொம்மை வருகிறதோ அவர்தான் பிப்ரவரி இரண்டாம் தேதி எல்லோருக்கும் தமால், அதாவது சோளத்தோலில் பொதிந்து அவித்த மாவுக் கொழுக்கட்டை, செய்து போட வேண்டும்.

என் துண்டில் வந்தது. பல்லில் கடக்கென்று இடித்தது. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நாக்கால் கன்னத்துக்குள் தள்ளிவிட்டு, சாக்லேட்டை ஒரு மடக்கு குடித்துவிட்டு, எல்லோரையும் பார்த்துச் சிரித்தேன். பிறகு கைக்குட்டை, அதன் பிறகு கைப்பை.

ஏன் என்றால் எனக்குத் தமால் செய்யத் தெரியாது. ஆறு வருடமாக, "எங்க வீட்டுல நூறு தமால்னா நான் ஒருத்தியே பார்த்துப்பேன்" என்று அளந்துகொண்டிருக்கிறேன். உண்மை என்னவென்றால், மெக்சிகோ நகரத்தில் எங்கள் தெருமுனைக்குத் தினமும் காலையில் ஒருத்தி அண்டாவோடு வருவாள். வாங்கிச் சாப்பிட்டதோடு சரி.

ரொட்டி முழுவதும் தீர்ந்தும் பொம்மை வரவில்லை. "யாரோ முழுங்கிட்டாங்க! நாளைக்குக் காலைல அவங்கவங்க பாத்துட்டுச் சொல்லுங்கப்பா" என்றான் எங்கள் கூட்டத்து வாயாடி ரொஹேலியோ. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அம்பாரோ மட்டும் சிரிக்கவில்லை.

"போட்டேனே... போட்டேன்தானே?"

நான்தான் சொன்னேன். என் வாய்தான். "மறந்திருப்ப அம்பாரோ, விடு."

ஜனவரி 7

பொம்மை சாக்ஸ் டிராயரில். அந்த டிராயரைத் திறக்கப் பிடிக்காமல் வெறுங்காலோடு திரிகிறேன்.

ஜனவரி 15

அம்பாரோ போன் செய்தாள். பொம்மை இல்லாததால் இந்த வருடம் தமாலும் கிடையாது, ஒருவரும் வர வேண்டாம் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டாளாம். அப்பாடா என்று மூச்சு விட்டேன். விட்ட மூச்சு பாதியில் நின்றது.

"அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது எல்வீரா. ஐம்பத்தெட்டு வயசுல. முதல்ல சின்னச் சின்ன விஷயம். கடைசியில என்னையே யாருன்னு கேட்டாங்க." டாக்டரிடம் இருபத்து நாலாம் தேதிக்கு நேரம் வாங்கியிருக்கிறாள். "பொம்மைய மாவுல அழுத்தினது என் விரலுக்கே ஞாபகம் இருக்குடி. அப்ப நடக்காதது கூட நடந்த மாதிரி தோணுதுன்னா, எனக்கு என்ன ஆகுது?"

நான் என்ன சொன்னேன்? "வெயில் ஜாஸ்தி" என்று சொன்னேன். வெயிலாம்!

ஜனவரி 16

ஒரு வழி கண்டுபிடித்தேன். பொம்மையைப் பற்றி மூச்சு விடாமல், நானே பெரிய மனசோடு விருந்து வைப்பதாகச் சொல்லிவிட்டால்? சோதனைக்கு, கடையில் கிடைத்த பொலெந்தா என்ற சோள ரவையைப் பிசைந்து, சோளத்தோலில் பொதிந்து ஆவியில் வைத்தேன்.

தபாரே ஒன்றைப் பிரித்து, முள்கரண்டியால் தட்டினார். சத்தம் வந்தது. "சுவத்து விரிசலுக்கு வச்சுக்கலாம்" என்றார்.

ஆனாலும் கேள்வி அதுவா? நான் விருந்து போட்டால் அம்பாரோவுக்குப் பயம் போய்விடுமா?

ஜனவரி 18

தபாரேயிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். முழுதாகக் கேட்டார், இடையில் இரண்டு முறை மாத்தேக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டார்.

"உனக்குச் சமையல் தெரியாதுன்னு பத்துப் பேருக்குத் தெரியறது பெரிசா? இல்ல, அந்தம்மா தன் மூளையையே சந்தேகப்பட்டுக்கிட்டு இருக்கறது பெரிசா?"

உங்களுக்கு என்ன தெரியும், அது மெக்சிகோக்காரர்கள் விவகாரம் என்று கத்தினேன். அவர் சொன்னது சரி என்பதால்தான் அவ்வளவு சத்தம்.

ஜனவரி 20

போனேன்.

அம்பாரோவின் ஃபிரிட்ஜ் கதவு தெரியவில்லை. முழுக்கத் துண்டுச் சீட்டுகள். "கேஸ் அணைத்தேன், 9.10." "சாவி பையில்." "செடிக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று." அழகான டீச்சர் கையெழுத்து. அதைப் பார்த்த பிறகு ஒத்திகை பார்த்த பேச்செல்லாம் போய்விட்டது. பொம்மையை மேசைமேல் வைத்தேன், நடந்ததைச் சொன்னேன்.

சிரிப்பாள் என்று நினைத்திருந்தேன். உண்மையாகவே நினைத்திருந்தேன், அதுதான் என் லட்சணம்.

"பதினாலு நாள் எல்வீரா. அடுப்ப அணைச்சதக்கூட எழுதி ஒட்டிக்கிட்டிருந்தேன்." பொம்மையைத் தொடவில்லை. "மறந்திருப்பன்னு சொன்னியே. அத ஏன்டி சொன்ன?"

எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டாள். வந்துவிட்டேன்.

ஜனவரி 25

அம்பாரோ டாக்டரிடம் போகவில்லையாம். தேவையில்லை என்றாளாம். ரொஹேலியோ சொல்லித்தான் தெரிகிறது. எனக்கு அவளிடமிருந்து போன் இல்லை.

ஜனவரி 27

பத்துப் பேருக்கும் நானே போன் செய்தேன். பொம்மை என்னிடம், விருந்து என் வீட்டில், தமால் வாழ்க்கையில் ஒருமுறைகூடச் செய்ததில்லை. மூன்றையும் ஒரே மூச்சில்.

"கடைசி விஷயம் எங்களுக்கு முன்னாடியே தெரியும்" என்றான் ரொஹேலியோ. "ஆறு வருஷத்துல உன் வீட்டுல ஒரு தமாலப் பாத்திருக்கோமா?" ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுவந்த நான்கு பொட்டலம் சோளமாவைக் கொடுப்பதாகவும் சொன்னான். அவமானம் தாங்கவில்லை. மாவை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

அம்பாரோ, "சரி" என்றாள். அவ்வளவுதான். வருகிறேன் என்றா, கேட்டுக்கொண்டேன் என்றா?

பிப்ரவரி 2

காலையிலிருந்து மாவை அடித்தேன். ஒரு உருண்டையைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும், அப்போதுதான் பதம். ஐந்து முறை முங்கியது. ஆறாவது முறை மிதந்தபோது நான் போட்ட கூச்சலில் தபாரே குளியலறையிலிருந்து ஓடிவந்தார். ஜன்னலுக்குக் கீழே அக்கம்பக்கத்தார் வெள்ளையும் நீலமுமாக உடுத்திக்கொண்டு, கடலம்மாவுக்குத் தர்ப்பூசணியும் பூவுமாகக் கடற்கரைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். எனக்கும் சேர்த்து வேண்டிக்கொள்ளுங்கள் என்று மனசுக்குள் சொன்னேன்.

எல்லோரும் வந்தார்கள். அம்பாரோவும் வந்தாள். கோடி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஒரு மணி நேரம் ஆயிற்று, வேகவில்லை. ஒன்றே முக்கால் ஆயிற்று, பிரித்தால் உள்ளே பச்சை மாவு. ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் மூடியைத் திறந்து பார்த்தேன். ரொஹேலியோ சும்மா இருப்பானா?

"வீட்டுல யாரோ யார் மேலயோ கோவமா இருக்காங்க. கோவம் இருக்கற வீட்டுல தமால் வேகாது, எங்கம்மா சொல்லுவாங்க. அது தணிய அண்டாவுக்கு முன்னாடி யாராவது ஆடுங்கப்பா!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் கோடி நாற்காலியைப் பார்க்கவில்லை. தபாரே ஒன்றும் புரியாமலே எழுந்து, பிளாஸ்கோடு அண்டாவின் முன்னால் ஒரு ஆட்டம் போட்டார்.

மூன்றாவது மணி நேரத்தில் அரைவேக்காட்டை எடுத்துப் பரிமாறினேன். அம்பாரோ ஒன்றை முழுவதும் சாப்பிட்டாள். வாயைத் துடைத்துக்கொண்டாள். "ரொம்ப நல்லா இருந்தது எல்வீரா. நன்றி" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

நல்லா இருந்ததாம்! என் கல்யாண விருந்திலேயே, "இந்த சூப்புல பாத்திரம் கழுவினாங்களா?" என்று கேட்டவள். தனக்கு வேண்டியவர்களிடம் ஒருநாளும் மரியாதையாகப் பேசியதில்லை. அந்த மரியாதையை இன்று எனக்குக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். திட்டியிருக்கக் கூடாதா? பாத்திரம் தேய்க்கும்போது அழுதேன்.

பிப்ரவரி 3

காலை ஏழு மணிக்கு அம்பாரோவின் போன். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"கோவத்துனாலதான் வேகலன்னு நெனச்சு உக்காந்திருக்காதே. கோவம் கோவம்தான், அது வேற. கொதிக்கற அண்டாவ அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் திறந்தா ஆவி எங்கடி நிக்கும்? அது என்ன மாவா, செருப்புத் தோலா? உப்புன்னு ஒண்ணு உலகத்துல இருக்கறது தெரியுமா? என் பல்லு நாலும் ஆடிப்போச்சு. சோளத்தோல ஊற வச்சியா இல்லையா? சொல்லு!"

இருபது நிமிடம். மூச்சு விடவில்லை. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"சனிக்கிழமை வரேன். பன்னிக்கொழுப்பு வாங்கி வை. நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாதே."

"யாரு? திட்டறாங்களா?" என்று சைகையில் கேட்டார் தபாரே.

ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று போனை நன்றாகக் காதில் அழுத்திக்கொண்டேன்.